ஆய்வுக்கான ரத்தத்தைப் பிரித்து உறைய வைப்பது எப்படி?

புற்றுநோய் ஆய்வுக்குச் சேமிக்கும் ரத்தம் பெரும்பாலும் ஃப்ரீசருக்குள் கெடுவதில்லை. அங்கே போய்ச் சேருமுன் வீணாகும் நேரத்தில்தான் கெடுகிறது. அதனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து, வயல்களில் (மாதிரியைச் சேமிக்கும் சிறு குப்பிகளில்) லேபிள் எல்லாம் ஊசி போடுமுன்பே முடிந்திருக்கட்டும். லேபிளில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். பேனா எழுத்து ஸ்பிரிட் பட்டால் அழியும். சாதாரண ஸ்டிக்கர் கடுங்குளிரில் உரிந்துவிடும். உறைகுளிருக்கென்றே விற்கும் லேபிளை வாங்குங்கள்.

ரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் உள்ள, ஊதா மூடியிட்ட 10 மி.லி. குழாயில் ரத்தம் எடுங்கள். பச்சை மூடிக் குழாயில் இருப்பது ஹெப்பாரின் என்ற வேறொரு உறைதடுப்பு மருந்து. அது பின்னால் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையைக் கெடுக்கும். எடுத்தவுடன் குழாயை 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து பிளாஸ்மா சிவந்துவிடும். குழாயில் எண்ணை அங்கேயே, நோயாளியின் பக்கத்தில் நின்றே ஒட்டுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் (குழாயை வேகமாகச் சுழற்றும் கருவி) 1500 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப் போல 1500 மடங்கு விசையில், 10 நிமிடம் சுற்றுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். 'நிமிடத்துக்கு 3000 சுற்று' என்று மட்டும் குறித்தால் பயனில்லை: ரோட்டரின் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பகுதி) ஆரம் 10 செ.மீ. என்றால் அது சுமார் 1000 ஜி, 16 செ.மீ. என்றால் சுமார் 1600 ஜி. பிரேக்கையும் குறைத்து வையுங்கள். சட்டென்று நின்றால் பிரிந்த அடுக்குகள் மறுபடி கலங்கும்.

மேலே மஞ்சள் பிளாஸ்மா, அடியில் சிவப்பணுக்கள், நடுவில் வெள்ளைப் படலமாக, வெள்ளையணுக்கள் சேர்ந்த பஃபி கோட். படலத்துக்கு மேல் அரை செ.மீ. விட்டுவிட்டு பிளாஸ்மாவை பிப்பெட்டால் எடுங்கள். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால் வெள்ளையணுக்களும் கூடவே வரும். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவைத் தேடுபவருக்கு அந்த மாதிரி உதவாது. படலத்தைத் தனி வயலில் சேர்த்து வையுங்கள், நோயாளியின் இயல்பான டிஎன்ஏ அதிலிருந்துதான் கிடைக்கும்.

பிளாஸ்மாவை 0.5 மி.லி. வீதம் பிரியுங்கள். ஒரே வயலை உருக்கி உருக்கி உறைய வைத்தால் புரதங்கள் சிதையும். உறையும்போது விரியும் என்பதால் வயலை முழுக்க நிரப்பாதீர்கள். பிறகு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். திரவ நைட்ரஜன் தொட்டி இருந்தால் ஆவிப் பகுதியில் வையுங்கள். திரவத்தில் மூழ்கிய வயலுக்குள் நைட்ரஜன் கசிந்தால், வெளியே எடுக்கும்போது வெடிக்கலாம்.

பாதி வயல்களை வேறொரு ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரீசர், தட்டு, பெட்டி, குழி எண் என எல்லாவற்றையும் கதவைத் திறக்குமுன்பே பதிவுசெய்யுங்கள்.