உள் ஓடு உடைந்த அடுப்பைத் தூக்கி எறியாதீர்கள்

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்து, அம்மா அப்பாவின் ஊரென்று திருகோணமலைக்கு வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். அடையாள அட்டை, பதிவு அலுவல்களுக்குக் கிராம சேவகர் வழி சொல்லுவார். அடுப்பைப் பற்றி ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டின் குசினியில் (சமையலறைக்கு இங்கே அதுதான் பெயர்) பெரும்பாலும் ஒரு மண் அடுப்பு இருக்கும். முன்னால் விறகு வைக்க ஒரு வாய், மேலே இரண்டு பானைக்கு இடம். அனகி அடுப்பு என்பார்கள். வெளியே தெரிவது மண் பூச்சு. உள்ளே சூளையில் சுட்ட ஓடு ஒன்று இருக்கிறது. தேய்வதும் வெடிப்பதும் அந்த ஓடுதான். காஸ் வாங்கினால் போதுமென்று அடுப்பை இடித்துவிடாதீர்கள். 2022-இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்று நின்று, கடைசியில் ஊரே விறகுக்குத் திரும்பியது.

உப்புவெளியில் என் பக்கத்து வீட்டுக்கு வந்த தங்கச்சி ஒருநாள் கண் சிவக்க வந்து நின்றாள். "அக்கா, புகை முழுக்க முன்னாடியே வருது. ரெண்டாவது பானை சுடவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். பானை உட்காரும் குமிழ்கள் மழுங்கி, பானை துவாரத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. புகை போக இடைவெளி இல்லை. முதல் அடுப்பிலிருந்து இரண்டாவதுக்கு நெருப்புப் போகும் பாதையும் உடைந்து சாம்பலால் தூர்ந்திருந்தது. அதற்குள் யாரோ சொல்லிச் சிமெந்து பூசியிருந்தாள். ஒரு கிழமையில் (வாரத்தை இங்கே அப்படித்தான் சொல்லுவோம்) அது தட்டுத் தட்டாகக் கழன்று சோற்றுக்குள் விழுந்தது. நெருப்புப் படும் இடத்தில் சிமெந்து நிற்காது. சூட்டில் அதன் பிடிப்பே போய்விடும், ஓட்டோடு சேர்ந்து விரியவும் மாட்டாது.

அடுப்பு நன்றாக ஆறியபின் சாம்பலை வழித்து எடுத்துவிட்டு, விரல் முட்டியால் ஓட்டைத் தட்டுங்கள். 'டங்' என்றால் நல்ல ஓடு. 'தொப்' என்றால் வெடிப்பு ஆழம். மயிரிழை வெடிப்பென்றால் ஆணியால் சற்றுக் கீறி, தண்ணீர் தொட்டு, சல்லடையில் அரித்த சாம்பலும் புற்றுமண்ணும் குழைத்து அழுத்துங்கள். மழுங்கிய குமிழையும் அதே குழையலால் உயர்த்தலாம். ஆனால் பானை உரசி உரசி மறுபடி தேயும், அடிக்கடி பார்க்கவேண்டும். துண்டு விழுந்திருந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. வெளிமண்ணை இடித்து, புது ஓடு வாங்கி வையுங்கள்.

ஓட்டைச் சுற்றி அணைக்கும் மண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. புற்றுமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, இரண்டு கை உமி, கொஞ்சம் சாணகம். உமிக்குத் தம்பலகாமம் பக்கத்து அரிசி ஆலைகளில் கேளுங்கள். கடல் வாசலில் இருக்கிறதென்று கடற்கரை மணலை அள்ளாதீர்கள். அந்த உப்பு மாரியில் ஈரத்தை இழுத்துப் பூச்சை உதிர்த்துவிடும். ஆற்றுமணல் ஒரு பை போதும். மஞ்சள் பூசி, பூ வைத்த புற்றைத் தொடவேண்டாம், அது கும்பிடுகிற இடம். மற்றப் புற்றையும் பாம்பு பார்த்தே வெட்டுங்கள்.

குழைத்ததில் ஓர் உருண்டை பிடித்து நிழலில் காயவிடுங்கள். வெடித்தால் மணல் கூட்டுங்கள், உதிர்ந்தால் புற்றுமண் கூட்டுங்கள். புது ஓட்டின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டே மண் அணையுங்கள், இல்லாவிட்டால் காய்ந்த ஓடு மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பூச்சுப் பிடிக்காது. நாலு விரல் கனம் வேண்டும்.

பிறகு பொறுமை. வெயில் காலத்தில் நிழலில் ஒரு கிழமை. ஐப்பசி, கார்த்திகை மாரியென்றால் இரண்டு கிழமை. காயும்போது வரும் கீறல்களை அதே மண்ணால் அடையுங்கள். முதல் மூன்று நாள் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, பன்னாடை மட்டும் எரியுங்கள். கனமான பாலைமர விறகு அதன்பிறகு.

சோறு பொங்கி வழிந்தாலும் நெருப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூட்டோடு தண்ணீர் பட்டால் ஓடு அந்த இடத்திலேயே வெடிக்கும். கொள்ளியை வெளியே இழுத்து மணலில் குத்துங்கள். தங்கச்சியின் அடுப்பில் இப்போது முதல் பானையில் சோறு வேகும்போதே இரண்டாவதில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கிறது.