வயதான நாயைத் தத்தெடுக்கப் போகிறீர்களா? முதன்முறை வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

நாய் வேண்டும் என்று காப்பகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் குட்டியைத்தான் தேடுகிறார்கள். ஏழெட்டு வயதான லாப்ரடாரும் நாட்டு நாயும் கூண்டுக்குள்ளேயே நாளைக் கழிக்கின்றன. முதல் தடவை நாய் வளர்ப்பவருக்கு என் யோசனை, அவற்றில் ஒன்றைக் கேளுங்கள் என்பதே. குட்டி வளர்ந்து என்ன குணத்தோடு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வயதான நாயின் குணமோ கண்முன்னே தெரிகிறது. நம் வேலை அதைச் சரியாகக் கவனிப்பதும், அதற்கேற்ப வீட்டை மாற்றுவதும்தான்.

படி 1: வீட்டில் பேசி முடியுங்கள்

காலையில் யார் வெளியே கூட்டிப்போவது, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் முதலிலேயே முடிவாக வேண்டும். அடுக்குமாடிச் சங்கம் செல்லப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. வாடகை வீடு என்றால், உரிமையாளரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது. ஒருமுறை கைவிடப்பட்ட நாயை மறுபடியும் கொண்டுபோய் விடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

படி 2: அவசரப்படாமல் பாருங்கள்

சென்னையில் புளூ கிராஸ், பெசன்ட் நினைவு விலங்குகள் மருந்தகம் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். கம்பியருகே ஓடிவந்து வாலாட்டும் நாயிடம் மனம் உடனே போய்விடும். மூலையில் படுத்தபடி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் நாய்க்கும் சற்று நேரம் கொடுங்கள். கூண்டின் இரைச்சலில் ஒடுங்கிக் கிடக்கும் நாய், வாரில் பிடித்து வெளியே அழைத்துப்போனதும் முற்றிலும் வேறாக இருப்பதுண்டு.

பராமரிப்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: ஏன் இங்கே வந்தது? குழந்தைகளோடு இருந்திருக்கிறதா? சாப்பிடும்போது அருகில் போனால் உறுமுமா? தெருவிலிருந்து வந்த நாய்க்குக் காது நுனியில் சிறு வெட்டு இருந்தால், கருத்தடை செய்யப்பட்டது என்று பொருள். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், இரண்டையும் வெளியிடத்தில் சந்திக்க வைத்துப் பாருங்கள்.

படி 3: மருத்துவரிடம் முதல் வாரமே

இதைத் தள்ளிப்போடவே கூடாது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகள் உண்டு. ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், சிறுநீர் ஆகிய பரிசோதனைகளைக் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சர்வசாதாரணம். வெளியே எதுவும் தெரியாமல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துக்கொண்டிருக்கும். காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்குகளிலும் நீங்களே உண்ணி தேடுங்கள்.

கண்ணில் லேசான நீலப் படலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் மூப்பின் அடையாளம். பால்போல் வெளுத்திருந்தால் கண்புரையாக இருக்கலாம். பின்னங்கால் நகங்கள் மேல்புறம் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். காலை இழுத்து நடக்கும் நாய்க்கு அப்படித் தேயும். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. அதைப் பற்றி மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள். பழைய சான்று கையில் இல்லையென்றால் ரேபீஸ் தடுப்பூசியைப் புதிதாகப் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

படி 4: தரையைக் கவனியுங்கள்

நம் வீட்டு டைல்ஸ் தரை மூட்டு வலியுள்ள நாய்க்கு எதிரி. எழுந்திருக்கும்போது பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து வழுக்கும். இரண்டு முறை அப்படி விழுந்தால், பிறகு எழவே தயங்கும். படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் சாக்கோ ரப்பர் மிதியடியோ வரிசையாகப் போட்டுவிடுங்கள். விலை உயர்ந்த நாய்க் கட்டிலைவிட இது அதிகம் உதவும்.

படி 5: முதல் சில நாட்கள்

முதல் நாளே குளிப்பாட்டாதீர்கள். உறவினரை அழைத்துக் காட்டாதீர்கள். இரவில் உங்கள் அறையிலேயே ஓர் ஓரமாகப் படுக்க வையுங்கள். சாப்பிடாமல் இருக்கலாம், முனகலாம், வாசலையே பார்த்துக்கொண்டிருக்கலாம். மிரட்சி அடங்கச் சில நாட்களும், வீட்டு நடைமுறை பழகச் சில வாரங்களும், இதுதான் தன் வீடு என்று நம்பச் சில மாதங்களும் ஆகும். ஒரு நாளுக்கு மேல் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

தூங்கும் நாயைத் தொடக்கூடாது என்று குழந்தைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காது மந்தமான நாய் திடுக்கிட்டு எழும்போது கடித்துவிடும். எழுப்ப வேண்டுமானால் சற்றுத் தள்ளி நின்று தரையில் காலைத் தட்டினால் போதும், அதிர்வை உணர்ந்து எழுந்துவிடும். வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அடிக்காதீர்கள், வயதானால் அடக்க முடியாமல் போகலாம். வெளியே அழைத்துப்போகும் தடவைகளைக் கூட்டுங்கள்.

படி 6: சாப்பாடும் தண்ணீரும்

காப்பகத்தில் கொடுத்ததையே சில நாட்கள் கொடுத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பாலில் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுப்பதுதான் பாசம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். எடை கூடினால் வலிக்கிற மூட்டு இன்னும் வலிக்கும், அவ்வளவுதான். வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகாது. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். வேகவைத்த எலும்பும் வேண்டாம். நொண்டுகிறதே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலையோ ஐபுபுரூஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள், அவை நாய்க்கு நஞ்சாகக்கூடும்.

தண்ணீரை அளந்து ஊற்றிப் பழகுங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டே இருந்தால், சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். அதற்கு ரேபீஸ் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அடுத்த ஊசிக்கான தேதியையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.