அனுதினமும் இயேசுவைப் பின்பற்றுவது எப்படி?

தம்மைப் பின்பற்ற விரும்புகிறவன் தன் சிலுவையை எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று இயேசு சொன்னதை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 'அனுதினமும்' என்ற சொல் லூக்கா 9:23இல் மட்டுமே வருகிறது. ஞாயிறு ஆராதனையில் மனம் உருகிப் பாடிவிட்டு, திங்கட்கிழமை காலையில் பழைய கோபத்தோடும் பழைய வழக்கங்களோடும் வேலைக்குப் போகிற நமக்காகவே அந்தச் சொல் எழுதப்பட்டதோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

காலையில் வேதத்தை அதிகமாக வாசிப்பதைவிட நிதானமாக வாசியுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்களே உள்ளன. அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, இயேசு யாரைப் பார்த்தார், எதற்காக நின்றார், எந்த இடத்தில் மௌனமாக இருந்தார் என்று கவனியுங்கள். முதல் அதிகாரத்திலேயே, அவர் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்த பின்பு, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீஷனாகிய சீமோன் பேதுரு வந்து சொல்லியும், அவர் அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகிறார். அன்றைக்கு எதைச் செய்வது, எதை விடுவது என்பது ஜெபத்தில்தான் தெளிவாகிறது. ஆகவே, அன்று நீங்கள் சந்திக்கப்போகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்துவிட்டு வெளியே போங்கள்.

இனி, நான் மிகவும் கடினமானதாகக் கண்ட ஒன்றுக்கு வருகிறேன். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5:23-24). இதைக் கேட்டவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடமோ, பல நாள் நடந்து போகவேண்டிய எருசலேமில் இருந்தது. அத்தனை தூரம் வந்தவன் காணிக்கையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகவேண்டும் என்றால், ஒப்புரவாவதை ஆண்டவர் எவ்வளவு அவசரமானதாகக் கருதினார் என்பது விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் தவறாக எழுதிய ஓர் எண்ணுக்காக உடன் வேலை செய்தவர் திட்டு வாங்கினார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. மேலதிகாரி அவரைக் கேட்டபோது வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வாரத் திருவிருந்தில் அப்பத்தை வாங்க என் கை நீளவில்லை. மறுநாள் அவருடைய மேசையருகே போய், "அந்த எண்ணை எழுதியது நான். தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்" என்றேன். அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி" என்று மட்டும் சொன்னார். பின்பு மேலதிகாரியிடமும் போய் உண்மையைச் சொன்னேன். இரண்டாவதுதான் அதிகக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் அதைச் செய்யாமல் முதலாவது நிறைவடைந்திருக்காது.

மன்னிப்புக் கேட்கும்போது செய்த செயலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்காதீர்கள். "ஆனால்" என்று சேர்க்காதீர்கள். உடனே மன்னித்துவிட்டேன் என்ற பதிலை எதிர்பார்க்காதீர்கள். இழப்பு உண்டாக்கியிருந்தால் அதை ஈடுசெய்யுங்கள். ஏமாற்றி எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கும்படி மோசேயின் நியாயப்பிரமாணம் சொல்லியிருக்க (லேவியராகமம் 6:5), இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவனாகிய சகேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாகவேண்டும்: போய் ஒப்புரவாகு என்ற அந்த மத்தேயு வசனம் குற்றம் செய்தவனை எழுப்பி அனுப்புகிறது. உங்களை அடித்துத் துன்புறுத்துகிறவரிடம் திரும்பிப் போய் அடங்கியிருங்கள் என்று சொல்ல இதை யாரும் பயன்படுத்தக் கூடாது.

வேலையிலும் பணத்திலும் வழி நேரானதுதான்: ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. முடியாத தேதியை முடியும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். கொடுப்பதைப் பிறர் அறியாமல் கொடுங்கள்.

இரவில் படுக்கும் முன், அன்று பேசிய பேச்சுகளை ஆண்டவருக்கு முன்பாக ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தவறியிருந்தால் சோர்ந்துபோகாதீர்கள். தம்மைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்கு, உயிர்த்தெழுந்த இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் கொடுத்து, "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டபின், "என்னைப் பின்பற்றி வா" என்று மறுபடியும் அழைத்தார் (யோவான் 21). பின்பு, நாளைக்கு நீங்கள் போய்ப் பேசவேண்டியவரின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, காலையில் வாசிக்கப்போகும் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுங்கள்.