காசில்லாமல் கணினியைப் பேச வைப்பது எப்படி? என்விடிஏ முதல் பாடம்

ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் பில் போட, ஸ்டாக் எழுத, மெயிலுக்குப் பதில் அனுப்ப ஒரு கணினி இருக்கிறது. அதன் முன்னால் உட்கார வேண்டுமென்றால் கண் தெரிந்தே ஆக வேண்டும் என்றுதான் இன்னமும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்வையில்லாத பிள்ளை இருக்கிற வீட்டில் கணினிப் பேச்சை எடுத்தால் முதலில் வருகிற கேள்வி, “அதுக்கு எவ்வளவுங்க ஆகும்?” என்பதுதான்.

ஒரு ரூபாய்கூட ஆகாது. விண்டோஸ் கணினி ஒன்றும் ஹெட்போன் ஒன்றும் இருந்தால் போதும்.

திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். அதில் இலவசமாகக் கிடைப்பது என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் இதை எழுதத் தொடங்கினார். நண்பர் ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்துகொண்டார். பார்வையற்ற சிறுவர்களுக்கான இசை முகாமில் பழக்கமான இருவர் இவர்கள். இருவருக்குமே பார்வை கிடையாது. திரைவாசிப்பானைக் கணினி விலைக்கு ஈடாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலத்தில், தங்களைப் போன்றவர்களுக்காக இவர்கள் செய்தது இது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அதனால் யாராவது “போட்டுத் தர இவ்வளவு ஆகும்” என்றால், மென்பொருளுக்கென்று காசு தராதீர்கள். திருட்டுப் பதிப்பு எதுவும் நமக்குத் தேவையும் இல்லை.

இனி செய்முறைக்கு வருவோம். படிப்பவருக்குச் சொல்வதையும் பக்கத்தில் உட்கார்ந்து உதவுபவருக்குச் சொல்வதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் படி: மவுஸை எடுத்து வைத்துவிடுங்கள்

இதை உதவி செய்பவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் கையை நீட்டுவோம், “இரு கண்ணு, நான் கிளிக் பண்ணித் தர்றேன்” என்போம். அப்படிச் செய்த ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை ஒரு விசையைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு போய்விடுகிறது. என்விடிஏவில் எல்லா வேலையும் கீபோர்டிலேயே நடக்கும். மவுஸ் மேசையில் இல்லாமல் இருப்பதே நல்லது.

கீபோர்டில் எஃப், ஜே இரண்டு விசைகளின் மேலும் சின்னக் கோடு ஒன்று தடவினால் தெரியும். இரண்டு ஆள்காட்டி விரல்களுக்கும் அதுதான் வீடு. வலப்பக்க எண் பலகையில் ஐந்தின் மேலும் அப்படி ஒன்று உண்டு. மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே கன்ட்ரோல், ஆல்ட், டேப், எஸ்கேப், இன்செர்ட், அம்பு விசைகள் எங்கே இருக்கின்றன என்று விரலுக்குப் பழக்கிவிடுங்கள். அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போனால் பின்னால் எல்லாமே தடுமாறும்.

இரண்டாம் படி: இறக்கி நிறுவுதல்

என்வி அக்சஸ் என்பது இதை வெளியிடும் அமைப்பின் பெயர். இணையத்தில் தேடி அவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள், வேறு தளங்கள் வேண்டாம். நன்கொடை கேட்டு ஒரு பக்கம் வரும். முடிந்தால் கொடுக்கலாம், இப்போதைக்கு வேண்டாம் என்று தாண்டியும் போகலாம். விண்டோஸ் 10, 11 ஓடும் கணினியில் சிக்கல் இருக்காது. விண்டோஸ் 7 ஓடுகிற பழைய கணினிதான் வீட்டில் இருக்கிறது என்றால் 2023.3 வரிசைப் பதிப்புதான் அதற்குக் கடைசி.

உதவிக்கு ஆள் இல்லாவிட்டாலும் இதைத் தனியாகவே செய்யலாம். விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் நரேட்டர் பேசத் தொடங்கும். அதை வைத்துக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கோப்பை ஓட விட்ட உடனேயே, நிறுவுவதற்கு முன்பே, என்விடிஏ தானாகப் பேச ஆரம்பித்துவிடும். அப்போது நரேட்டரை அதே மூன்று விசைகளால் நிறுத்திவிடுங்கள். இரண்டும் சேர்ந்து பேசினால் ஒன்றும் விளங்காது.

உரிம ஒப்பந்தத்துக்கு ஸ்பேஸ் விசையால் டிக் போட்டு, டேப் விசையால் நகர்ந்து இன்ஸ்டால் பொத்தானில் என்டர் தட்டுங்கள். விண்டோஸ் அனுமதி கேட்டால் ஆல்ட்டும் ஒய்யும். முடிந்ததும் வரவேற்புப் பெட்டி ஒன்று வரும். அதில் இரண்டை மட்டும் கவனியுங்கள். இன்செர்ட்டைப் போலவே கேப்ஸ் லாக்கையும் என்விடிஏ விசையாக, அதாவது என்விடிஏவுக்குக் கட்டளை கொடுக்கும் விசையாக, பயன்படுத்தும் தேர்வு ஒன்று, அதற்கு டிக் போடுங்கள். பல லேப்டாப்களில் இன்செர்ட் விசை எங்கோ மூலையில் ஒளிந்திருப்பதால் இது பெரிய உதவி. இன்னொன்று, கணினிக்குள் நுழைந்ததும் என்விடிஏ தானாகத் தொடங்கும் தேர்வு. அதுவும் இருக்கட்டும்.

அப்புறம் எப்போது வேண்டுமானாலும் கன்ட்ரோல், ஆல்ட், என் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ வந்துவிடும்.

மூன்றாம் படி: குரல்

பாதிப் பேர் விட்டுவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். “ஏனுங்கண்ணா, இது என்ன பேசுதுன்னே புரியலீங்க” என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம். பழகாத காதுக்கு இயந்திரக் குரல், அதுவும் ஆங்கிலத்தில், வேகமாக வந்தால் யாருக்குத்தான் புரியும்?

இன்செர்ட், கன்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரல் அமைப்புகள் திறக்கும். டேப் விசையில் நகர்ந்து வேகம் என்ற இடத்துக்கு வந்து, கீழ் அம்பால் நன்றாகக் குறைத்து வையுங்கள். காது பழகப் பழக நீங்களே கூட்டுவீர்கள். பல வருடம் பழகியவர்கள் வைத்திருக்கும் வேகத்தைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

தமிழில் வாசிக்க இரண்டு வழி. என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் என்ற குரலில் தமிழ் உண்டு. கொஞ்சம் உலோகச் சத்தமாக இருக்கும், ஆனால் சட்டென்று பேசும், வேகத்தைக் கூட்டினாலும் சொல் சிதையாது. விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைப் பேச்சு வசதியோடு சேர்த்தால் வள்ளுவர் என்ற ஆண் குரல் கிடைக்கும். அது காதுக்கு இதமான குரல். இன்செர்ட், கன்ட்ரோல், எஸ் அழுத்தி எது வேண்டுமோ மாற்றிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் முதலில் வள்ளுவரில் தொடங்குங்கள். கதை, செய்தி கேட்கும்போது களைப்புத் தட்டாது. கீபோர்டு கை வந்த பிறகு ஈஸ்பீக்குக்குப் போகலாம்.

என்விடிஏவின் மெனுவையும் தமிழிலேயே வைத்துக்கொள்ள முடியும். பொது அமைப்புகளில் மொழியை மாற்றி, மென்பொருளை மறுபடி தொடங்கினால் போதும்.

நான்காம் படி: முதல் வாரத்துக்கான விசைகள்

மிக முக்கியமான விசை கன்ட்ரோல். அழுத்தினால் பேச்சு நின்றுவிடும். பேச்சை நிறுத்தத் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

இன்செர்ட்டும் ஒன்றும் அழுத்தினால் பயிற்சி நிலை வரும். அதில் எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும், வேலை எதுவும் நடக்காது. ஏதாவது கெட்டுப்போய்விடுமோ என்று விரலை மடக்கிக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு இதைப் போல நல்ல பாடம் இல்லை. அரை மணி நேரம் விளையாட விடுங்கள். வெளியே வர அதையே மறுபடி அழுத்த வேண்டும்.

எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனால் இன்செர்ட்டும் டியும் (T) சன்னலின் தலைப்பைச் சொல்லும். இன்செர்ட்டும் டேபும் இப்போது எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று சொல்லும். மணி தெரிய இன்செர்ட்டும் எஃப் 12ம். ஒரு பக்கத்தை முழுக்க வாசிக்க இன்செர்ட்டும் கீழ் அம்பும், என்விடிஏவின் கீபோர்டு அமைப்பை லேப்டாப் என்று வைத்திருந்தால் கேப்ஸ் லாக்கும் ஏயும்.

பயிற்சிக்கு நோட்பேடைத் திறந்து ஊர்ப் பெயர்களை வரிக்கு ஒன்றாக அடிக்கச் சொல்லுங்கள்: கோபி, பவானி, காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி. மேல், கீழ் அம்பில் ஒவ்வொரு ஊராகப் போகலாம். இட, வல அம்பில் எழுத்தெழுத்தாகக் கேட்கலாம். கன்ட்ரோலோடு இட, வல அம்பு என்றால் சொல் சொல்லாகப் போகும். திருத்துவது, அழிப்பது, சேமிப்பது எல்லாவற்றையும் இந்த ஐந்து ஊரை வைத்தே கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஐந்தாம் படி: இணையம்

வலைப்பக்கத்தை மேலிருந்து கீழ் வரை கேட்க வேண்டியதில்லை. எச் தட்டினால் அடுத்த தலைப்பு, கே தட்டினால் அடுத்த இணைப்பு, ஈ தட்டினால் எழுதும் பெட்டி, பி (B) தட்டினால் பொத்தான், டி (T) தட்டினால் அட்டவணை. ஷிஃப்டோடு சேர்த்தால் பின்னால் போகும். இன்செர்ட்டும் எஃப் 7ம் அழுத்தினால் பக்கத்தின் இணைப்புகள், தலைப்புகள் எல்லாம் வகைவாரியாகப் பட்டியலாக வரும்.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் விலை பார்க்க வேண்டும். ஏலத்தில் போன விலையை அட்டவணையாகப் போட்டிருக்கும் பக்கம் ஒன்றைத் திறந்து டி தட்டுகிறீர்கள். அட்டவணை என்று சொல்லி, எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை என்றும் சொல்லும். இப்போது கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு வல அம்பைத் தட்டினால் பக்கத்துக் கட்டத்துக்கும், கீழ் அம்பைத் தட்டினால் கீழ்க் கட்டத்துக்கும் போகலாம். விரலி மஞ்சள் வரிசையில் நின்றுகொண்டு வலப்பக்கம் நகர்ந்தால், அட்டவணையைச் சரியாகச் செய்திருக்கும் பட்சத்தில், குறைந்த விலை, அதிக விலை என்று தலைப்பையும் சேர்த்தே சொல்லும். கீழே இறங்கினால் கிழங்கு மஞ்சள். அப்பாவுக்கு விலை பார்த்துச் சொல்லும் வேலையை இனி பார்வையில்லாத மகளே எடுத்துக்கொள்ளலாம்.

அதே விலைப் பட்டியலைப் படமாகப் போட்டிருந்தால் படம் என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். வாட்ஸாப் குழுக்களில் தகவலைப் படமாகவே அனுப்பும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன், அதனோடு இரண்டு வரி தட்டச்சும் செய்து அனுப்புங்கள். தமிழ்ப் படத்தையோ ஸ்கேன் செய்த பிடிஎஃபையோ படிக்க வேண்டியிருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே வருகிறது.

வலைப்பக்கப் படிவத்தில் பெயர் எழுதப் போனால் சிலசமயம் எழுத்து விழாமல் எங்கெங்கோ தாவும். வாசிப்பு நிலையிலேயே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இன்செர்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் சின்னச் சத்தத்தோடு எழுத்து நிலைக்கு மாறிவிடும்.

ஆறாம் படி: தமிழில் எழுதுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டிடிபி கடையிலிருந்து வாங்கி வந்த தமிழ்க் கோப்பைத் திறந்தால் என்விடிஏ உளறும். குறை என்விடிஏவில் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் அம்மா என்று அடித்த இடத்தில் திரைவாசிப்பான் பார்ப்பது எம், கே, செமிகோலன், கே, எச். அதைத்தான் வாசிக்கும். அதே சொல் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருந்தால் “அம்மா” என்றே சொல்லும். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்திலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆனாலும் கேள்வித்தாளும் சுற்றறிக்கையும் பழைய எழுத்துருவில் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பார்வையற்ற மாணவருக்கு அது வெற்றுத்தாள்தான். கோப்பு கையில் கிடைத்தால் என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருளால் யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம்.

எழுதுவதற்குத் தமிழ் 99 என்ற கீபோர்டு அமைப்பைப் பரிந்துரைக்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். எஃப், ஜே மேல் தடவிப் பார்த்த அந்தக் கோடுகள் இங்கேயும் கைகொடுக்கும்: எஃப் இருக்கும் இடத்தில் புள்ளி, ஜே இருக்கும் இடத்தில் ப. குறில் நடு வரிசையில், அதன் நெடில் நேர் மேலே; ஒ, ஓ மட்டும் கீழ் வரிசையில். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும், நடுவில் புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்துக்கூட்டலை மனதில் ஓட்டித் தமிழ் அடிப்பதைவிடக் காதால் கேட்டு எழுதுகிறவருக்கு இது சுலபம். இகலப்பை, என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் இந்த அமைப்பு இருக்கிறது.

தட்டுவதே சிரமம் என்றால் குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அழுத்தி, மொழியைத் தமிழாக வைத்துப் பேசலாம். ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் என்விடிஏவின் குரலையும் சேர்த்து எழுதிவிடும்.

கண் தவிர வேறு சிரமம் இருப்பவர்களுக்கு

விண்டோஸ் விசையும் யுவும் அழுத்தினால் எல்லா வசதிகளும் ஒரே இடத்தில் இருக்கும். ஓரளவு பார்வை இருப்பவர் விண்டோஸும் கூட்டல் குறியும் அழுத்தித் திரையைப் பெரிதாக்கலாம், விண்டோஸும் எஸ்கேப்பும் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். ஒரு கையால் மட்டும் தட்டுபவர் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும். சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தலாம்.

உதவுபவருக்கு இன்னும் இரண்டு

என்விடிஏ மெனுவில் கருவிகளுக்குள் பேச்சுக் காட்டி என்று ஒன்று உண்டு. பேசுவதையெல்லாம் எழுத்தாகக் காட்டும். பிள்ளை ஹெட்போனில் என்ன கேட்கிறது என்று நீங்கள் பார்த்துக்கொண்டே சொல்லித் தரலாம். அதே இடத்தில் பென் டிரைவுக்கான நகல் எடுக்கும் வசதியும் இருக்கிறது. அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால், கல்லூரி லேபிலோ பிரவுசிங் சென்டரிலோ எதையும் நிறுவாமல் அப்படியே ஓட விடலாம்.

திடீரென்று பேச்சு நின்றுபோய் பீப் சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். இன்செர்ட்டும் எஸ்ஸும் கை தவறிப் பட்டிருக்கும். பேச்சு திரும்பும் வரை அதையே மறுபடி அழுத்துங்கள். அப்படியும் வரவில்லையா, கன்ட்ரோல், ஆல்ட், என். அதற்கும் அசையாவிட்டால் ஹெட்போன் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.