பக் டிராக்கர் எது வைக்கலாம்? மொதல்ல ஒரு கும்பிடு போட்டுப் பாருங்க

நாங்க நாலு பேரு மதுரை பஸ் டைமிங் ஆப் ஒண்ண ஓப்பன் சோர்ஸா பண்ணிக்கிட்டு இருக்கோம். பக் எல்லாம் வாட்ஸப் குரூப்லதான் வரும். "தேனி பஸ்ஸ மாட்டுத்தாவணில காட்டுது, அது ஆரப்பாளையம்ல தம்பி"ன்னு ஒரு அண்ணன் போட்ட மெசேஜ் குட்மார்னிங் படத்துக்கு அடில போயி மூணு வாரம் யாரும் பாக்கல. அப்பறந்தான் பக்க ஒவ்வொண்ணா பதிஞ்சு, சரியாச்சான்னு பாத்துக்குற டிராக்கர் தேடுனேன். கிட், ஹோஸ்டிங் தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா வர்றேன்.

மொத ஸ்டெப், பக் போடப் போறது யாருன்னு பாருங்க. டெவலப்பர் மட்டும்னா கோடு இருக்க எடத்துலயே, கிட்ஹப் இஷ்யூஸோ கிட்லாப் இஷ்யூஸோ போதும். கமிட் மெசேஜ்ல ஃபிக்ஸஸ்னு போட்டு இஷ்யூ நம்பர் குடுத்தா அதுவா மூடிக்கும், ஆனா டீஃபால்ட் பிராஞ்சுக்கு வந்தாத்தான் (வேற பிராஞ்சுல போட்டுட்டு ஒரு சாயங்காலம் பூரா முழிச்சேன்). ஆனா அதுக்கு அக்கவுண்ட் வேணும், பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு அதெல்லாம் தொறக்க மாட்டாரு.

ரெண்டாவது, நம்ம சர்வர்லயே ஓட்டுறதுன்னா எந்த லாங்குவேஜ்னு பாருங்க. பக்ஸில்லா பெர்ல், 1998லருந்து இருக்கு, நாலு பேருக்கு அது கல்யாண அண்டால டீ போடுற மாதிரி. ரெட்மைன் எனக்குப் புடிக்கும், ஆனா ரூபி, சாதா ஷேர்டு ஹோஸ்டிங்ல ஏத்துறது பெரும்பாடு. அதனால பிஎச்பில ஓடுற ஒண்ணப் போட்டேன்.

மூணாவதுதான் என்னைய கவுத்தது. நம்ம ஆளுக வாட்ஸப் மெசேஜ அப்படியே பேஸ்ட் பண்ணுவாங்க, "வணக்கம்", ஒரு கும்பிடு எமோஜி, அப்பறம் விஷயம். டிராக்கர்ல பாத்தா "வணக்கம்" மட்டும் இருக்கு, மீதிய காணோம், எர்ரரும் இல்ல! என்னன்னா டிராக்கர் பக்க சேவ் பண்ற டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். அதுல யுடிஎஃப்8ங்கிற எழுத்துச் சேமிப்பு முறை ஒரு எழுத்துக்கு 3 பைட் வரைக்குந்தான் வாங்கும், தமிழ் 3 பைட்டுக்குள்ள அடங்கிரும், எமோஜி 4 பைட். ஸ்ட்ரிக்ட் மோடு (ஒத்து வராத டேட்டாவ எர்ரர் போட்டு நிறுத்துற செட்டிங்) ஆஃப்ல இருந்தா எமோஜி வந்த எடத்தோட வெட்டிட்டு கம்முனு சேவ் ஆயிரும். 4 பைட்டும் வாங்குற யுடிஎஃப்8எம்பி4க்கு மாத்தணும். டேட்டாபேஸ மட்டும் மாத்திட்டு ஏன் சரியாகலன்னு தலையப் பிச்சுக்காதீங்க, அது புதுசா உண்டாக்குற டேபிளுக்குத்தான். இருக்க டேபிள் ஒவ்வொண்ணையும் கன்வர்ட் பண்ணணும், பிஎச்பி கனெக்ஷன்லயும் மாத்தணும், டேபிள், கனெக்ஷன் ரெண்டுல ஒண்ணு விட்டாலும் பழைய கததான். வெட்டுப்பட்டது திரும்ப வராது.

நாலாவது, போட்டத வெளிய எடுக்க முடியுதான்னு பத்து பக் போட்டு சிஎஸ்வி ஃபைலா எறக்கிப் பாருங்க. ஸ்கிரீன்ஷாட் அதுல வராது, தனியா பேக்கப் எடுத்துக்கங்க.

அப்டேட்: கன்வர்ட் பண்றப்ப இன்டெக்ஸ் (டேபிள்ல சீக்கிரம் தேட வைக்கிற பட்டியல்) 767 பைட்டத் தாண்டுதுன்னு எர்ரர் வருதுன்னு தேனிலருந்து ஒரு நண்பர் கேட்டாரு. 255 எழுத்து காலம் (டேபிளோட column) நாலால பெருக்குனா 1020 ஆயிருதுல்ல, அதான். மைஎஸ்க்யூஎல் 5.7 இல்ல அதுக்கு மேலன்னா அந்த டேபிளோட ரோ ஃபார்மேட்ட டைனமிக்குன்னு மாத்திட்டு ஓட்டுங்க, பழசுன்னா அந்த column நீளத்த 191 எழுத்தா கொறைங்க, கொறைக்க முன்னாடி பேக்கப் எடுத்துருங்க.