முதல் ஜப்பானியப் பாடநூல்: வாங்கும் முன் எந்தப் பக்கங்களைத் திறந்து பார்ப்பது

ஜப்பானியம் படிக்கத் தொடங்கும் பலர் முதல் மாதத்திலேயே நான்கைந்து புத்தகங்களைச் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பாடத்தைப் படித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள். எந்தத் தொடக்கநூலை எடுத்தாலும் முதல் இரண்டு பாடம் வணக்கம், பெயர், எண், 'இது என்ன' என்ற அளவில்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்தும் அவர்கள் அதே இடத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம். தேவைப்படுவது ஒரு முதன்மைநூல், அதற்கான பயிற்சிநூல், ஒலிப்பதிவு, விடைகள். நான்கும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஒரு நூலின் பயிற்சியை வேறொரு நூலின் பாடத்தோடு சேர்த்தால், இன்னும் படிக்காத சொல்லும் இலக்கணமும் குறுக்கே வந்துகொண்டே இருக்கும்.

தனியாகவா, ஆசிரியரோடா?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

'மின்னா நோ நிஹோங்கோ' 3ஏ கார்ப்பரேஷன் 1998இல் முதலில் வெளியிட்ட நூல். தொடக்கநிலைக்கு இரண்டு பாகம், பாகத்துக்கு 25 பாடம், மொத்தம் 50. முதன்மைநூல் முழுக்க முழுக்க ஜப்பானியத்தில்தான் இருக்கும். சொற்பொருளும் இலக்கண விளக்கமும் மொழிபெயர்ப்பு நூல் என்ற தனிப் புத்தகத்தில் வருகின்றன. இதை அறியாமல் முதன்மைநூலை மட்டும் வாங்கி, ஒரு வரியும் புரியாமல் மூடி வைப்பவர்கள் ஏராளம். மொழிபெயர்ப்பு நூல் பல மொழிகளில் கிடைப்பதால், வாங்கும்போது அட்டையில் எந்த மொழி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வாக்கிய அமைப்பில் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லவைக்கும் பயிற்சிகள் இதில் நிறைய உண்டு. ஆசிரியர் முன்னால் நின்று கேட்கும்போது அவை நாக்கில் பதிந்துவிடும். தனியாகச் செய்பவருக்கோ விரைவில் அலுத்துவிடும்.

'கென்கி' பல்கலைக்கழக வகுப்புக்காக எழுதப்பட்டது என்றாலும், தனியே படிப்பவருக்கு அதுவே எளிது. 1999இல் முதல் பதிப்பும் 2011இல் இரண்டாம் பதிப்பும் 2020இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. முதல் பாகத்தில் 12 பாடம், இரண்டாம் பாகத்தில் 11. இரண்டும் சேர்ந்து, சீனத்திலிருந்து வந்த எழுத்தான கான்ஜியில் 317ஐக் கற்றுத்தருகின்றன. இலக்கண விளக்கம் அதே புத்தகத்துக்குள், ஆங்கிலத்தில் இருக்கும். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. விடைகள் தனிப் புத்தகமாக வருகின்றன. அது இல்லாமல் பயிற்சிநூலை நிரப்பினால் தவறும் சேர்ந்தே மனப்பாடமாகும். அடுத்தது, பயிற்சிகளில் பல இருவர் பேசுவதற்கானவை. தனியாக இருப்பவர் அவற்றைத் தாண்டிப்போகாமல் இரண்டு பேர் பங்கையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பணம் செலவழிக்கும் முன் இந்த மொழி உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க நினைத்தால், ஜப்பான் ஃபவுண்டேஷன் 2020இல் வெளியிட்ட 'இரோதோரி' இருக்கிறது. மூன்று பாகம், பாகத்துக்கு 18 பாடம். பி.டி.எஃப்பும் ஒலிப்பதிவும் இலவசம். ஜப்பானில் வாழவும் வேலை செய்யவும் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதால், கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி நன்றாக இருக்கும். வினைத்திரிபை எழுதி எழுதிப் பழகும் பயிற்சி குறைவு. அதே நிறுவனத்தின் 'மருகோதோ'வில் தொடக்கநிலைக்கு இரண்டு நூல்கள்: செயல்பாட்டுக்கு 'கட்சுதோ', மொழி அமைப்பைப் புரிந்துகொள்ள 'ரிகாய்'. முன்னதை மட்டும் வாங்கினால் இலக்கணம் போதவில்லை என்று தோன்றும். அது பின்னதில் இருக்கிறது.

தேர்வுக்கான நூல்களை முதல் நூலாக எடுக்க வேண்டாம். ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வு 2010 முதல், தொடக்கநிலையான என்5இலிருந்து உயர்நிலையான என்1 வரை ஐந்து நிலைகளாக நடக்கிறது. அப்போதிருந்து அதிகாரபூர்வச் சொற்பட்டியல் வெளியிடப்படுவதில்லை. ஆகவே 'என்5 முழுச் சொற்பட்டியல்' என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் பதிப்பாளரின் கணிப்புதான். பக்கத்துக்கு ஓர் இலக்கணக் கூறு என்று அடுக்கும் அந்த நூல்கள், படித்ததைத் திரும்பப் பார்க்க உதவுமே தவிர, மொழியைக் கட்டி எழுப்பாது. மின்னாவோ கென்கியோ, முதல் பாகம் முடித்தால் ஏறக்குறைய என்5 அளவும், இரண்டாம் பாகம் முடித்தால் என்4 அளவும் கைக்கு வரும்.

எழுத்தைப் பாருங்கள்

கானா எனப்படும் ஜப்பானிய ஒலியெழுத்துகள் இரண்டு வகை: ஹிரகானாவில் 46 அடிப்படை எழுத்து, கதகானாவில் 46. தினமும் ஐந்தைந்தாக எழுதிப் பழகினால் மூன்று வாரத்தில் இரண்டையும் முடித்துவிடலாம். அப்படியிருக்க, கடைசிப் பாடம் வரை ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டும் ரோமாஜி நூல் எதற்கு? பக்கத்தில் ரோமாஜி இருந்தால் கண் அதற்குத்தான் போகும். ஜப்பானிய எழுத்து கடைசிவரை பழகாது. நூலின் நடுவிலுள்ள ஒரு பாடத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் ரோமாஜி இருந்தால் வைத்துவிடலாம். கென்கியில் முதல் இரண்டு பாடத்தோடு ரோமாஜி நின்றுவிடுகிறது. அந்த அளவு ஊன்றுகோல் போதும். 'ஜாப்பனீஸ் ஃபார் பிஸி பீப்பிள்' போன்ற சில நூல்கள் ரோமாஜிப் பதிப்பு, கானா பதிப்பு என்று இரண்டாக வருகின்றன. கானா பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழெழுத்தில் உச்சரிப்பு எழுதித் தரும் கையேடுகளிலும் இதே இடர் உண்டு. குறில் நெடில், ஒற்று இரட்டிப்பது ஆகியவற்றைத் தமிழ் அழகாகக் காட்டும். 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி என்ற வேறுபாடு நமக்கு உடனே பிடிபடும். ஆனால் க ஒலிக்கும் அதன் கனத்த ஒலிக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. தங்கத்துக்கான ஜப்பானியச் சொல்லும் வெள்ளிக்கான சொல்லும் தமிழில் 'கின்' என்றேதான் எழுதப்படும். ஜப்பானியர் காதுக்கு அவை இரண்டு சொற்கள். எனவே உச்சரிப்பைத் தமிழில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் வாரத்தோடு விட்டுவிட வேண்டும்.

அச்செழுத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். கி, ச என்ற ஹிரகானா எழுத்துகள் அச்சில் ஒரே கோடாக இணைந்தும், கையெழுத்தில் பிரிந்தும் இருக்கும். கையெழுத்தை ஒட்டிய பாடநூல் எழுத்துரு உள்ள நூலில் பழகினால் எழுதும்போது தடுமாற்றம் வராது. கான்ஜி வரும் பக்கத்தில் கோடுகளை எழுதும் வரிசையும், மேலே சிறிய கானாவில் ஒலிப்பும், அதாவது ஃபுரிகானாவும் இருக்க வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வரையறுத்த 2136 கான்ஜியையும் ஒரே மூச்சில் கற்பிக்கும் தனிநூல் இப்போதைக்கு வேண்டாம். சொல் தெரியாமல் வடிவம் மட்டும் தெரிந்தால் அது மனத்தில் தங்காது.

தமிழ் தெரிந்தவர் எங்கே வேகமாகப் போகலாம்

நல்ல தொடக்கநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுகிறவரை முன்னால் வைத்து விளக்குகின்றன. அவருக்கு மலையாகத் தெரிவது பல இடங்களில் நமக்குச் சமவெளி. வினை கடைசியில் வருவதையும், பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவதையும் நூல் பக்கம் பக்கமாக விளக்கும்போது, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தமிழ் உருபை எழுதிவிட்டு நகருங்கள். 'ஒ' என்றால் ஐ, 'நோ' என்றால் உடைய, 'மோ' என்றால் உம், 'தோ' என்றால் உடன். ஒருவர் சொன்னதை எடுத்துக்கூறும் இடத்தில் அதே 'தோ' நம் 'என்று' ஆகும். கேள்விக்குக் கடைசியில் வரும் 'கா' நம் ஆ.

சுட்டும் அப்படியே. கொரே, சொரே, அரே, தொரே என்ற நான்கையும் ஆங்கில விளக்கம் சுற்றி வளைத்துச் சொல்லும். இது, உது, அது, எது என்று வைத்துக்கொண்டால் முடிந்தது. கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் உகரம் யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

பாதிப் பேர் கைவிடும் இடம் தே-வடிவம், அதாவது 'தே' அல்லது 'டே' என்று முடியும் வினைவடிவம். அது நம் வினையெச்சத்தின் வேலையைச் செய்கிறது என்று நூலில் எங்கும் எழுதியிருக்காது. 'தபெதெ மிரு' சாப்பிட்டுப் பார், 'கத்தெ ஒகு' வாங்கி வை, 'தபெதெ இரு' சாப்பிட்டுக்கொண்டு இரு. துணைவினையின் பொருள்கூட ஒத்துப்போகிறது. ஆகவே இந்தப் பாடத்தில் உங்கள் உழைப்பு முழுவதும் ஒலிமாற்ற அட்டவணைக்குப் போகட்டும். பொருள் தானாக வரும். 'நான் வாங்கிய புத்தகம்' போன்ற பெயரெச்சத் தொடர்களுக்கும் இதே கதைதான். 'எனக்கு ஜப்பானியம் புரிகிறது' என்பதில் மொழி எழுவாயாக நிற்கிறது அல்லவா? ஜப்பானியத்திலும் அங்கே எழுவாயைக் காட்டும் 'கா' உருபு வருகிறது (கேள்விக்கு வரும் 'கா' அல்ல; இது கனத்த ஒலி உடையது). ஆங்கில விளக்கம் அதை விதிவிலக்கு என்று சொல்லும்.

தமிழே காலை வாரிவிடும் இடமும் உண்டு. நூலகத்தில் இருக்கிறேன், நூலகத்தில் படிக்கிறேன் என்று இரண்டுக்கும் நாம் 'இல்' போடுகிறோம். ஜப்பானியத்தில் இருப்பதற்கு 'நி', அங்கே ஒரு செயல் நடப்பதற்கு 'டே'. தமிழில் யோசித்து எழுதினால் இங்கே தவறு நிச்சயம். இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும் பயிற்சி நூலில் இருக்கிறதா என்று தேடுங்கள். பேசுபொருளைக் காட்டும் 'வா'வுக்கும் எழுவாயைக் காட்டும் 'கா'வுக்கும் உள்ள வேறுபாட்டுக்கும் தமிழில் நேர் இணை கிடையாது. அந்த விளக்கத்தைத் தாண்டாமல் முழுதாகப் படியுங்கள்.

கால் மணி நேரச் சோதனை

கடையிலோ மாதிரிப் பக்கத்திலோ நான்கு இடங்களைத் திறங்கள். முதலில் தே-வடிவம்: கென்கியில் 6ஆம் பாடம், மின்னாவில் 14ஆம் பாடம். வினைகளை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொரு ஈற்றுக்கும் எடுத்துக்காட்டு தந்திருந்தால் நல்ல நூல். பாடல்போல மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு நகர்ந்தால் தனியாகப் படிப்பவருக்கு உதவாது. இரண்டாவது, கடைசிப் பக்கங்கள். வினைத்திரிபு அட்டவணை, சொல்லடைவு, எண்ணலளவைச் சொற்களின் அட்டவணை மூன்றும் வேண்டும். நீண்ட பொருளை எண்ணும்போது இப்போன், நிஹோன், சம்போன் என்று ஒலி மாறிக்கொண்டே போகும். அட்டவணை இல்லாமல் இது ஓடாது.

மூன்றாவது, அகராதி வடிவம் எப்போது வருகிறது என்பது. மின்னா மரியாதை வடிவமான 'மஸு'வை 4ஆம் பாடத்தில் தொடங்கி, அகராதி வடிவத்தை 18இல்தான் தருகிறது. அதுவரை புதிய வினையை அகராதியில் தேடத் தெரியாது. மின்னாவைத் தனியாகப் படிப்பவர் 4ஆம் பாடம் முடிந்ததும் 18இன் வடிவ அட்டவணையை மட்டும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. கென்கி 3ஆம் பாடத்திலேயே இரண்டு வடிவத்தையும் காட்டிவிடுகிறது.

நான்காவது, ஒலிப்பதிவு. இரண்டு நிமிடம் கேளுங்கள். 'தெஸு' என்று அச்சில் இருப்பதைக் கடைசி உகரம் ஏறக்குறைய மறைந்துபோக 'தெஸ்' என்று சொல்ல வேண்டும். குற்றியலுகரம் அறிந்த காதுக்கு இது சுலபம். எல்லா எழுத்தையும் பிரித்துப் பிரித்து மெதுவாக வாசிக்கும் பதிவு முதல் வாரத்துக்குச் சுகமாக இருக்கும். பிறகு உண்மையான பேச்சு காதில் ஏறாது. உரையாடல் முழுதும் நூலில் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சொற்களின் ஏற்ற இறக்கத்தைத் தொடக்கநூல்கள் பல குறிப்பதில்லை. உணவுக் குச்சியும் பாலமும் 'ஹஷி'தான், சுருதி மட்டும் வேறு. அதனால் பட்டியலைப் படிக்கும் முன் ஒலிப்பதிவைக் கேட்டு உடன் சொல்வது நல்லது.

பழைய பிரதி வாங்குவதில் தவறில்லை. ஆனால் முதன்மைநூல், பயிற்சிநூல், விடைநூல் மூன்றும் ஒரே பதிப்பாக இருக்கட்டும்; இல்லாவிட்டால் பயிற்சி எண்கள் பொருந்தாது. கென்கி இரண்டாம் பதிப்பின் ஒலிப்பதிவு குறுந்தட்டில் வந்தது. தட்டு தொலைந்த பிரதி வேண்டாம். மூன்றாம் பதிப்புக்கு ஒலிப்பதிவு கைபேசிச் செயலியில் கிடைக்கிறது.

வாங்கியபின் கென்கிக்குப் பாடத்துக்கு இரண்டு வாரம், மின்னாவுக்கு ஒரு வாரம் என்று வைத்தால் முதல் பாகம் ஏறக்குறைய ஆறு மாதத்தில் முடியும். நான்கு பாடம் முடிந்ததும் முதல் பாடத்தின் உரையாடலை நூலைப் பார்க்காமல் கேட்டு எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் புத்தகத்தை மாற்ற வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். எழுத முடிந்தும் விளக்கம் ஒவ்வொன்றுக்கும் வெளியே தேட வேண்டியிருந்தால், நூல் உங்களுக்குப் பொருந்தவில்லை, அப்போதே மாற்றிவிடலாம். புதிய நூலில் முதல் பாடத்திலிருந்து தொடங்காமல், தெரியாத இலக்கணம் முதன்முதலாக வரும் பாடத்தைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். அதற்கு முந்தைய பாடங்களின் சொற்பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.