சோக் போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும்

மூன்று ஆண்டுகள் தொடப்படாமல் நின்ற என் பைக், சோக் போட்டால் ஓடியது. எடுத்த மறுநொடியே அணைந்தது. ஸ்பார்க் பிளக்கில் பொறி நன்றாக வந்ததால், சந்தேகம் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் மீது விழுந்தது. சோக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது. அது இல்லாமல் எஞ்சின் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் பைலட் ஜெட் (குறைந்த வேகத்தில் பெட்ரோல் செல்லும் நுண்துளைத் திருகு) அடைபட்டிருக்கும்.

கார்புரேட்டரைத் திறந்தபோது, பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில், பழைய பெட்ரோல் ஆவியாகி விட்டுச்சென்ற பசை தேன் நிறத்தில் படிந்திருந்தது. அதிக வேகத்துக்கான மெயின் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது துளை தெரிந்தது. பைலட் ஜெட்டில் தெரியவில்லை. முதல் முறை சோம்பேறித்தனமாக, ஜெட்டைக் கழற்றாமலே கிளீனரை அடித்து மூடி, அரை நாளை வீணாக்கியிருந்தேன். இந்த முறை கழற்றிய ஜெட்டை இரவு முழுவதும் கிளீனரில் ஊறவைத்து, மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் துளையைத் திறந்தேன். எஃகு ஊசியைச் செருகினால் பித்தளைத் துளை அகன்று கலவை கெட்டுவிடும். ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவை, முன்பு எண்ணிக் குறித்திருந்த சுற்றுகளின்படியே பொருத்தினேன்.

ஆனால் டேங்க்கில் புதுப் பெட்ரோல் ஊற்றியதும் ஓவர்ஃப்ளோ குழாய் ஒழுகியது. கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரத்தை மூடும் மிதவை ஊசியின் ரப்பர் முனை இறுகித் தேய்ந்திருந்தது. அதையும் மாற்றிய பிறகு, எஞ்சின் சூடானதும் சோக்கை எடுத்தேன். ஐடிலிங் சீராக இருந்தது.